கிள்ளுவேன்!

மருத்துவமனைக் கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர், கண் விழித்துக் கத்தினார். "ஐயோ! எவன்டா என்னைக் கிள்ளினது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "தினமும்தான் கிள்ளுறேன். இனியும் கிள்ளுவேன்!"

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பதறினாள். "என்னம்மா இது அநியாயம்? பெரிய டாக்டர் பார்த்தா உங்களை வெளியே அனுப்பிடுவாரு."

"வரட்டும். அவரைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்."

சத்தம் கேட்டு டாக்டரே வந்துவிட்டார். "எங்கே கிள்ளினாங்க?"

"இடது கால் கட்டைவிரல்ல சார். உயிர் போகுது!"

டாக்டர் குனிந்து அந்தக் கட்டைவிரலை உற்றுப் பார்த்தார்.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "தண்டுவடம் நசுங்கிடுச்சு, இடுப்புக்குக் கீழே இனிமே உணர்ச்சியே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்பச் சொல்லுங்க பார்ப்போம்!"

பதிலுக்குக் காத்திராமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது கால் பக்கம் நகர்ந்தாள்.