படையலில் வைக்காதது

சுவிசின் லோசான் நகரில் உள்ள அந்த ஐரிஷ் பப்பில் சனி மத்தியானம் பாட்டுத் தொடங்கினால் சமையலறையில் தனலட்சுமிக்கு எரிச்சல் தலைக்கேறும். குடித்துவிட்டு வந்த புருசன் கதவைத் தட்டுகிறான், பெண்சாதி திறக்க மறுக்கிறாள். இதுதான் பாட்டு. தட்டுகிற கட்டத்தில் எல்லோரும் மேசையில் குத்துவார்கள். "போய்த் தொலை" என்று பெண்சாதியின் பதிலைக் கத்திச் சிரிப்பார்கள். பாட்டு முடியும்வரை நிரப்பிய பியர்க் கிளாசில் வாய் வைக்கக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம்.

உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்த யோகராஜா திரும்பினான்.

"அக்கா, பின்கதவை ஆரோ தட்டுகினம்."

"தட்டட்டும். திறக்காதை."

அந்தத் தட்டல் அவளுக்குப் பழக்கமானது. நேற்றுத்தான் புருசன் தவச்செல்வன் செத்து ஒரு வருசம் முடிந்த ஆட்டத் திவசம். படையலில் அவனுக்குப் பிடித்த சாராயத்தை வைக்கச் சொல்லி மச்சாள் மன்றாடினாள்.

"உயிரோடை இருக்கேக்கை குடிச்சது காணும்" என்று, தனலட்சுமி துளசி இலை போட்ட தண்ணீரைத்தான் வைத்தாள்.

"போய்த் துலை!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். தட்டல் நின்றது.

பாட்டும் முடிந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. தனலட்சுமி எட்டிப் பார்த்தாள். தூக்கிய கிளாசுகளை வெறித்தபடி நின்றார்கள். எல்லாவற்றிலும் பச்சைத்தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு துளசி இலை மிதந்தது.