இருபது நிமிஷ வெள்ளம்

அலவத்துகொட கடைத்தெருவில் வெயில் பளிச்சென்று அடிக்க, வெள்ள ஒத்திகை நடக்கிறது. இருபது நிமிஷத்துக்குள் எல்லாக் கடைச் சாமானும் மாடி ஏறினால்தான் ஒத்திகையை நடத்தும் நஸ்லியாவின் வெள்ள முன்னேற்பாட்டுத் திட்டம் அடுத்த வருஷமும் தொடரும். படிக்கட்டு நெடுகக் கைக்குக் கை மூட்டைகள் போகின்றன. புடவைக்கடை இப்திகார் மட்டும் சாவகாசமாகச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். "நானா, தண்ணி வாசலுக்கு வந்துட்டு," என்கிறாள் நஸ்லியா, கடிகாரத்தைப் பார்த்தபடி. "வரட்டும் தங்கச்சி. வந்த யாவாரத்த எப்படித் திருப்பி அனுப்புற?" சேலை வாங்க மடுல்கெல்லயிலிருந்து வந்திருக்கும் ஜெயராணி, விரித்ததைத் தோளில் போட்டு, பக்கத்திலிருந்த சேலைக்கட்டு ஒன்றையும் இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள். "வாங்க மொதலாளி, வெலைய மேல போய்ப் பேசிக்குவோம்." மிச்சக் கட்டுகளை அள்ளிக்கொண்டு இப்திகார் அவள் பின்னாலேயே ஓடுகிறார். பத்தொன்பதாவது நிமிஷம் கீழே ஒரு நூல்கூட இல்லை. மாடியில் பேரம் இன்னும் படியவில்லை.