கூப்பிட்டால் வருபவர்

அந்த வருடம் முதல் நாட்டின் வாழ்க்கைத் தரக் கணக்கெடுப்பில் வீடு, வாகனம், வருமானம் எதையும் கேட்பதில்லை. கணக்கெடுக்க வந்த சகாயமேரி, கோவையில் பதினெட்டாவது மாடியில் தனியாக வசித்த நஞ்சப்பனிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“உங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னா, கூப்பிட்ட உடனே யாருங்க வருவாங்க?”

“நர்ஸ் ரோபோ ரெண்டு இருக்குதுங்க.”

“மனுசங்க பேரு வேணுங்க ஐயா. அவங்ககிட்டயும் கேட்டு எழுதணும்.”

மூன்று மில்களுக்கு முதலாளியான நஞ்சப்பன் வெகுநேரம் யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, “எதிர் வீட்டம்மான்னு போட்டுக்குங்க,” என்றார். அந்த அம்மாவிடம் அவர் ஒருநாளும் பேசியதில்லை.

சகாயமேரி எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். நஞ்சப்பன் கூச்சத்தோடு தன் வாசலுக்கு உள்ளேயே நின்றுகொண்டார்.

“ஏம்மா, எதிர் வீட்டு ஐயாவுக்கு முடியலைன்னா...”

“ஐயோ, அவருக்கு என்னாச்சுங்க?”

மிச்சக் கேள்வியைக் கேட்க அந்த அம்மா நிற்கவில்லை. மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து நஞ்சப்பனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“சுடலையே. எங்கீங்க வலிக்குது?” என்றாள்.