மேசைக்கு அடியில் மாப்பிள்ளை

"தம்பி, கம்ப்யூட்டர்லதானே வேலைன்னு சொன்னீங்க? அப்போ முதல்ல இதைப் பாருங்க. கல்யாணப் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்."

பெண்ணின் அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். முப்பது வருடமாக யாரையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பெண் கேட்டு வந்தவன் மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினான். திரையில் வெளிச்சம் வந்தது, பாதியில் அணைந்தது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்று தடவையும் அதே கதைதான்.

"ஒரு வாரமா இப்படித்தான். கிளம்பும், ஆனா போய்ச் சேராது."

"சார், நான் பேங்குக்குப் புரோகிராம் எழுதறவன். மெஷினைப் பிரிச்சு ரிப்பேர் பண்றது வேற ஆளுங்க வேலை."

"சமைக்கத் தெரியும், அடுப்பு பத்த வைக்கத் தெரியாதுங்கிறீங்க."

"அப்பா, அவரோட வேலை..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. வேலை தெரிஞ்சவனுக்குத்தான் பொண்ணு. இன்னிக்கு இது ஓடினா, நான் மறுபேச்சு பேச மாட்டேன்."

இரண்டு வருடக் காதல் ஒரு பழைய பெட்டியை நம்பி நின்றது. அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் மேசைக்கு அடியில் நுழைந்தான். பெட்டியின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'ரிப்பேருக்கு' என்று பேனாவால் எழுதி, கீழே ஒரு நம்பர்.

டார்ச் அடிக்கும் சாக்கில் போனை எடுத்து, அந்த நம்பருக்குச் செய்தி தட்டினான். 'சார், கம்ப்யூட்டர் பாதியிலேயே திரும்பத் திரும்ப ஆரம்பிக்குது. மானப் பிரச்சினை. காப்பாத்துங்க.'

உடனே பதில் வந்தது. 'பதறாதீங்க. முதல்ல ஒயரைப் பிடுங்குங்க. பக்கத் தகட்டுல ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், கையாலயே கழட்டலாம்.'

கழற்றினான்.

'உள்ளே ஸ்கேல் மாதிரி பச்சைப் பட்டை ஒண்ணு நிக்கும். அதுதான் ரேம். ரெண்டு முனையிலயும் கொக்கியைத் தள்ளினா எழும்பி வரும். அதோட மஞ்சள் ஓரத்தை ரப்பரால தேய்ங்க. மேசையில வலது பக்க டிராயர்ல ரப்பர் இருக்கும்.'

இருந்தது. ரிப்பேர் கடைக்காரர் இந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிறவர் போல என்று நினைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, அங்கேயே குடித்தனம் வந்துட்டீங்களா?"

"ரெண்டு நிமிஷம் சார்."

'பட்டையை மறுபடி அதே இடத்துல வச்சு, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. பயப்படாதீங்க, உடையாது. தூசியையும் துடைச்சுட்டு மூடுங்க. அவருக்குத் தூசி பிடிக்காது.'

மூடினான். ஒயரைச் சொருகினான். எல்லாத் தெய்வங்களையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டு, கையை மட்டும் முன்பக்கம் நீட்டிப் பொத்தானை அழுத்தினான்.

இந்தத் தடவை திரை அணையவில்லை. மகளின் சின்ன வயதுப் படம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒழுங்காக வந்தது.

"பரவாயில்லையே" என்றார். முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை என்று மகள் பிற்பாடு சொன்னாள். பிறகு மனைவி இருந்த சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஏம்மா, காபி கொண்டா. மாப்பிள்ளை வேலை தெரிஞ்சவர்தான். அடுத்த மாசமே கல்யாணத்தை வச்சுக்கலாம்."

மகள் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். மேசைக்கு அடியில் இருந்தவனுக்கு மேலே மேசை, கீழே தரை, நடுவில் சொர்க்கம். நன்றி சொல்லலாம் என்று போனை எடுத்தபோது, அந்த நம்பரிலிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்தது.

'வெளியே வர்றதுக்கு முன்னாடி அந்தச் சீட்டைக் கிழிச்சுப் பையில போட்டுக்கங்க மாப்பிள்ளை. எங்க வீட்டுக்காரருக்கு என் நம்பர் மனப்பாடம்.'