இயற்கை எய்தாதவன்

"என் புருஷனைச் சாக்கடைக்குள்ள இறக்கிக் கொன்னாங்கன்னு போஸ்டர்ல போடு தம்பி," என்றாள் செங்கமலம்.

அச்சகத்துக் கணினி அதை "இயற்கை எய்தினார்" என்று திருத்தியது.

முப்பத்தொரு வயதில் நச்சுக்காற்றில் மூச்சடைத்து மாள்வதா இயற்கை? நாட்டைப் புரட்டிய நூல்களையெல்லாம் அந்த இயந்திரத்துக்கு ஊட்டியவர்கள், ஆள்வோரைச் சுடும் சொற்களைக் கண்டு களையவே அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

"கடுமையான சொல்லை எந்த மிஷினும் அடிக்காதுக்கா. சட்டம் அப்படி," என்றான் அச்சகக்காரன் இருதயராஜ்.

"உன் மிஷினுக்கு ரொம்பத்தான் நாகரிகம். அந்த வரியை வெள்ளையா விடு."

நூறு சுவரொட்டிகளின் வெற்றிடத்திலும் "கொன்றார்கள்" என்று அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கைப்பட எழுதி, ஊரின் மற்ற அஞ்சலிகளுக்கு நடுவே ஒட்டினார்கள்.

காவலர்கள் கிழிக்க வந்தார்கள். எதைக் கிழிப்பது என்றறிய, ஒவ்வொன்றையும் அவர்கள் வாசித்தாக வேண்டியிருந்தது.