மேடைக்கு முதுகு

"எல்லாரும் மேடையைப் பாக்குறோம், நீங்க மட்டும் எங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே தம்பி?" என்றாள் முன்வரிசை அம்மாள்.

"அதுக்குத்தான்மா சம்பளம். திரும்பினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றார் மேடையடியில் நின்ற காவலாளி.

பூங்கா மரங்களுக்கு நடுவே திறந்தவெளி அரங்கு. கூடு திரும்பிய பறவைகள் ஒலிபெருக்கியோடு போட்டி போட்டன.

முதுகுக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் மேடையேறும் காலடிச் சத்தம். காவலாளி குரலைத் தாழ்த்தினார்.

"என் பொண்ணும் பாடுறாம்மா. கடைசி வரிசை, ஓரம். ஒத்திகையில வாயே திறக்கலையாம். இன்னிக்கும் திறக்கலேன்னா இனிமே சேத்துக்க மாட்டாங்களாம்."

பாட்டு தொடங்கியது.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அத்தனை குரல்களில் மகளின் குரல் எது, அது இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அம்மாள் பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்து, திரையை அவர் பக்கமாக உயர்த்திப் பிடித்தாள்.

"செல்ஃபியைத் திருப்பிப் பிடிச்சிருக்கே. உன் மூஞ்சி எப்படி விழும்?" என்றார் பக்கத்தில் இருந்த கணவர்.

"என் மூஞ்சியைத்தான் தினமும் பாக்குறீங்களே, போதாதா? பேசாம இருங்க."

திரையில் காவலாளியின் முகம் தெரிந்தது. அம்மாள் கையைச் சற்று நகர்த்தினாள். முகம் ஒதுங்கி, தோளுக்குப் பின்னால் மேடை வந்தது.

கடைசி வரிசை. ஓரம்.

வாய் திறந்திருந்தது. நன்றாகவே திறந்திருந்தது.

கும்பிட எழுந்த கையை, வேலை நேரம் என்று அடக்கிக்கொண்டார். அம்மாளுக்குக் கை வலித்தது. மறுகையால் முட்டுக்கொடுத்தாள், இறக்கவில்லை.

கணவர் திரையையும் காவலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்தபடியே எழுந்து எங்கோ போனார்.

மற்ற பிள்ளைகள் மேடையோரம் நின்ற டீச்சரின் கையைப் பார்த்துப் பாடினார்கள். காவலாளியின் மகள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரே இருந்தது அவர் முதுகு.

கைதட்டல் அடங்குவதற்குள் கணவர் திரும்பி வந்தார். கூடவே மேற்பார்வையாளர்.

"உன் பொண்ணாமே. முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா? இன்னும் ஒரு பாட்டு இருக்கு. நான் இங்க நிக்கிறேன், நீ அந்த மரத்தடிக்குப் போய் ஆசை தீரப் பாரு."

காவலாளி முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார். நான் இங்கயே நிக்கிறேன். அவ பாடட்டும்."