அலமாரியில் தொங்குவது

கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை அலமாரியில் மாட்டிவிட்டு உள்ளே வருவது டெக்னீஷியன் ஞானமுத்துவின் இருபது வருட வழக்கம். அளவு கூடினால் ஆஞ்சியோ அறையிலிருந்து மாற்றிவிடுவார்கள். இன்று அதே அறையின் மேசையில் அவரே படுத்திருந்தார். திரையில் அவருடைய இதயக் குழாய்கள் மூன்றும் நூலாக இளைத்துத் தெரிந்தன.

"பீடி, சிகரெட் உண்டாண்ணே?" என்றார் டாக்டர் செண்பகவல்லி.

"சுகர்கூடக் கிடையாதும்மா."

"கதிர்வீச்சுன்னு சொல்லலாம்னா பேட்ஜ் ரிப்போர்ட்டும் சுத்தமா இருக்கு. அப்ப எதனாலன்னு எழுதட்டும்?"

பதில் சொல்ல வாயெடுத்தவர், டாக்டரின் ஈய அங்கியைக் கவனித்தார். கழுத்தோரம் பேட்ஜ் குத்தும் இடம் காலியாக இருந்தது.

"உங்களோடது எங்கம்மா?"

டாக்டர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"உங்களோடதுக்குப் பக்கத்துலதான் தொங்குது. மூச்சை இழுத்துப் பிடிங்கண்ணே."

கதிரைத் திறக்கும் மிதியை டாக்டரின் கால் அழுத்தியது.